70 வளைவுகளுக்கு மேலே ஒரு வாழ்க்கை... கொல்லிமலை மண்ணில் உறங்கும் பிராண்ட் தம்பதி!

காரவள்ளி அடிவாரத்தில் பஸ் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்கிறது. அதற்குப் பிறகு கொண்டை ஊசி வளைவுகள்தான். 1/70, 2/70, 3/70 என்று ஒவ்வொரு வளைவிலும் எண் போட்ட பலகை நிற்கிறது. முதல் பத்து வளைவுகள் வரை குழந்தைகள் சத்தமாக எண்ணுகிறார்கள். இருபதாவது வளைவில் சிலர் எலுமிச்சம்பழத்தை முகர ஆரம்பிக்கிறார்கள். நாற்பதைத் தாண்டினால் பஸ்ஸுக்குள் சத்தமே இல்லை. ஜன்னல் வழியே வரும் காற்று மட்டும் மெல்லக் குளிர்கிறது.

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் கொல்லிமலைக்கு வருகிறவர்கள் வழக்கமாகப் போகிற இடங்கள் உண்டு. அறப்பளீஸ்வரர் கோயில், ஆயிரம் படிகளுக்கு மேல் இறங்கிப் பார்க்கும் ஆகாய கங்கை அருவி, எட்டுக்கை அம்மன் கோயில், வாசலூர்பட்டி படகு இல்லம், சீக்குப்பாறை காட்சி முனை. செம்மேட்டில் கடையெழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரியின் சிலைக்குக் கீழே நின்று ஒரு செல்ஃபி. குளிருக்கு இதமாக முடவாட்டுக்கால் கிழங்கு சூப். திரும்பும்போது பையில் மிளகும், மடியில் பலாச்சுளையும்.

இந்தப் பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறாத பெயர் ஒன்று உண்டு. அது வாழவந்தி. வாழவந்தி நாடு என்பது கொல்லிமலையின் 'நாடு'களில் ஒன்று. பெயரைப் பிரித்துப் படித்தால் 'வாழ வந்த' என்று காதில் விழுகிறது. லண்டனிலிருந்து நிஜமாகவே இங்கே வாழ வந்த ஒரு பெண், தன் 95-வது வயதில் இந்த மலையின் மண்ணுக்குள் போனார். அவர் பெயர் எவலின் பிராண்ட். அவருக்கு 45 ஆண்டுகள் முன்பே அவருடைய கணவர் ஜெஸ்ஸி பிராண்டும் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார்.

டோலியும் மழையும்

இன்றைக்கு இருக்கும் தார்ச்சாலை எதுவும் இல்லாத காலம் அது. சமவெளியிலிருந்து மேலே போக ஒற்றையடிப் பாதைதான். நடக்கலாம், அல்லது நான்கு பேர் தூக்கும் டோலியில் உட்காரலாம். கீழே இருந்தவர்கள் மேலே போகவே பயந்தார்கள். காரணம், மலேரியா. 'மலைக்குப் போனால் காய்ச்சல் வரும்' என்பது சாதாரணப் பேச்சு. அந்தப் பேச்சு பொய்யும் இல்லை.

ஜெஸ்ஸி பிராண்ட் இங்கிலாந்தின் கில்ஃபோர்டைச் சேர்ந்தவர். கட்டட வேலை தெரிந்தவர். மருத்துவத்தில் ஓராண்டுப் பயிற்சி மட்டும் முடித்துவிட்டு, 1907-ல் மிஷனரியாகத் தமிழகம் வந்து சேந்தமங்கலத்தில் தங்கினார். எவலின் ஹாரிஸ் வசதியான லண்டன் வணிகர் வீட்டுப் பெண். படம் வரையத் தெரிந்தவர். அவரும் மிஷனரியாகவே சென்னைக்கு வந்து, தமிழ் படித்தார்.

இருவருக்கும் 1913 ஆகஸ்டில் சேந்தமங்கலத்தில் திருமணம் நடந்தது. திருமணம் முடிந்ததும் கிளம்பியது கொல்லிமலைக்கு! வழியில் மழை பிடித்துக்கொண்டது. திருமண உடையிலேயே நனைந்தபடி மலையேறியிருக்கிறார் மணப்பெண்.

மேலே ஜெஸ்ஸி ஒரு மரவீடு கட்டியிருந்தார். தூண்கள் மேல் நிற்கும் வீடு. கரையான் ஏறாமல் இருக்க ஒவ்வொரு தூணின் தலையிலும் வாணலியைக் கவிழ்த்தது போல ஓர் உலோகத் தட்டு. அந்த வீட்டிலிருந்துதான் எல்லாம் தொடங்கின. பல் பிடுங்குவது, புண்ணுக்கு மருந்து வைப்பது, காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், இளைஞர்களுக்குத் தச்சு வேலை. ஆரஞ்சு, மல்பெரிச் செடிகளைக் கூட ஜெஸ்ஸி நட்டுப் பார்த்தார்.

ஊற்றுக்கிணற்றில் இருந்த எதிரி

அன்றைய மலைக் கிராமங்களை வாட்டிய இன்னொரு நோய் நரம்புச் சிலந்தி. இந்தத் தலைமுறைக்கு இந்தப் பெயரே தெரியாது. அது நல்ல செய்திதான்.

குடிக்கும் தண்ணீர் வழியே உடம்புக்குள் போகும் ஒரு புழு, ஓராண்டு கழித்து நூல் போல நீண்டு வளர்ந்து, காலில் கொப்புளமாகக் கிளம்பி வெளியே எட்டிப் பார்க்கும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துவிடும், உள்ளே சீழ் பிடிக்கும். ஒரு சிறு குச்சியில் அதன் நுனியைச் சுற்றி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருட்டி எடுக்க வேண்டும். பொறுமைதான் மருந்து. ஜெஸ்ஸி அதை நாள்கணக்கில் செய்தார்.

ஆனால் ஒருவர் காலில் எடுத்தால் அடுத்தவர் காலில் வந்தது. காரணம், படி இறங்கித் தண்ணீர் மொள்ளும் கிணறுகள். புண் உள்ள கால் தண்ணீரில் படும்போது புழு தன் குஞ்சுகளை அங்கே விட்டுவிடும். அதே தண்ணீரைத்தான் ஊரே குடிக்கும். ஆகவே கிணற்றுக்குக் கல் சுவர் எழுப்பி, யாரும் உள்ளே இறங்காமல் கயிறு போட்டு இறைக்கச் சொன்னார் ஜெஸ்ஸி. கட்டட வேலை தெரிந்த மனிதருக்கு இது மருத்துவமும்தான், கொத்து வேலையும்தான். நரம்புச் சிலந்தி ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சான்றளித்தது 2000-ல்.

கஞ்சிப் பானை பேசியது

இவ்வளவும் செய்தார்களே, மலை மக்கள் அவர்கள் மதத்தை ஏற்றுக்கொண்டார்களா?

இல்லை. முதல் சில ஆண்டுகள் ஒருவர் கூட வரவில்லை. பிராண்ட் தம்பதி மதம் பரப்பத்தான் வந்தார்கள். அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. மலை மக்களும் தங்கள் மனதை மறைக்கவில்லை. மருந்து வாங்கிக்கொண்டார்கள். பிரசங்கம் கேட்டார்கள். பிறகு தங்கள் தெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் போனார்கள். ஊர்ப் பூசாரி ஒருவர் வெளிப்படையாகவே எதிர்த்தார். ஊரின் தெய்வத்தைக் காப்பது தன் பொறுப்பு என்று நினைத்த மனிதர் வேறு என்ன செய்வார்?

முதல் உலகப் போரின் முடிவில் உலகம் முழுக்கப் பரவிய இன்ஃபுளூயன்ஸா காய்ச்சல், 70 வளைவுகள் போடப்படாத அந்த மலையிலும் ஏறியது. வீடு வீடாக ஆட்கள் விழுந்தார்கள். பயந்துபோன மற்றவர்கள், நோய் கண்ட வீடுகளை விட்டு ஓடினார்கள். காய்ச்சலில் போனவர்கள் பாதி என்றால், கவனிக்க ஆளில்லாமல், தண்ணீர் கொடுக்கக் கூட ஒரு கை இல்லாமல் போனவர்கள் மீதி.

ஜெஸ்ஸியிடம் அந்தக் காய்ச்சலுக்கு மருந்து கிடையாது. அன்றைக்கு உலகத்தில் யாரிடமும் கிடையாது. தோட்டத்தில் பெரிய பாத்திரத்தை அடுப்பில் ஏற்றி அரிசிக் கஞ்சி காய்ச்சினார். கணவனும் மனைவியும் அதைச் சுமந்துகொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். படுத்துக் கிடந்தவர்களின் வாயில் ஊற்றினார்கள். கதவுகள் மூடிய வீட்டுக்குள்ளும் போனார்கள்.

அப்படிப் போன வீடுகளில் ஒன்று, எதிர்த்து நின்ற பூசாரியின் வீடு. அவரும் மனைவியும் சாகும் நிலையில் கிடந்தார்கள். சொந்த ஜனம் யாரும் பக்கத்தில் இல்லை. இத்தனை ஆண்டுகள் யாரைத் துரத்த நினைத்தாரோ, அவர்தான் கஞ்சியோடு வந்து உட்கார்ந்தார். பூசாரி தன் பிள்ளைகளை அவர்களிடமே ஒப்படைத்தார். சாகும்போது தன்னைத் தேடி வந்தவர்களின் கடவுள் மெய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் எடுத்த முடிவு. அந்த வீட்டுக் கைக்குழந்தை, பிராண்ட் வீட்டுப் பெண்ணாகவே வளர்ந்தது.

அதற்குப் பிறகுதான் மலையில் சிலர் ஜெஸ்ஸியிடம் வந்து கேட்க ஆரம்பித்தார்கள். ஆண்டுக்கணக்கில் பேசியும் திறக்காத கதவு, ஒரு பானைக் கஞ்சிக்குத் திறந்தது. மதம் மாறாதவர்களும் அந்தக் கஞ்சியைக் குடித்துப் பிழைத்தார்கள். கொடுத்தவர்கள் இரு தரப்பையும் பிரித்துப் பார்க்கவில்லை.

ஒரு தாத்தாவும் ஒரு கைப்பிடி மண்ணும்

ஜெஸ்ஸி - எவலின் தம்பதியின் மகன் பால் பிராண்ட் 1914-ல் பிறந்தார். கொல்லிமலைப் பிள்ளைகளோடு பிள்ளையாகத் தமிழ் பேசி, மரம் ஏறி வளர்ந்தார். பின்னாளில் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன சிறுவயது நினைவு ஒன்று உண்டு.

படிப்படியாக இறங்கும் நெல் வயல்களில் பையன்கள் தவளை பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஓடிப் பிடித்ததில் வரப்பு உடைந்து, சேற்றுத் தண்ணீர் கீழ் வயலுக்கு இறங்கியது. வயல்களுக்குக் காவலாக இருந்த தாத்தா ஒருவர் அங்கே வந்தார். பையன்கள் நடுங்கிப் போனார்கள். அவர் அடிக்கவில்லை. ஒரு கைப்பிடி சேற்றை அள்ளிக் காட்டினார். இந்த மண் இருந்தால் வருஷா வருஷம் நெல் விளையும், தண்ணீரோடு கீழே போய்விட்டால் மறுபடி மலை ஏறி வராது என்று புரிய வைத்தார். கால்வாயில் ஓடும் தண்ணீர் தெளிவாக இருந்தால் மலை நன்றாக இருக்கிறது, கலங்கி ஓடினால் மலை கரைகிறது.

 அந்தத் தாத்தா, தான் நம்பியதை வரப்பில் நடந்து காட்டியவர். உலகப் புகழ்பெற்ற டாக்டராகி, மண் அரிப்பைப் பற்றி எழுத உட்கார்ந்தபோதும் பால் பிராண்ட் தொடங்கியது அந்தத் தாத்தாவிடமிருந்துதான். கொடுக்க வந்த குடும்பம், மலையிடமிருந்து வாங்கிக்கொண்டதும் உண்டு.

கப்பலில் வந்த கடிதங்கள்

இந்தக் கதையில் வலிக்கும் பக்கமும் இருக்கிறது. 1923-ல் குடும்பத்தோடு இங்கிலாந்து போன பெற்றோர், படிப்புக்காக 9 வயது பாலையும் தங்கை கோனியையும் உறவினர் வீட்டில் விட்டுவிட்டு மலைக்குத் திரும்பினார்கள். அன்றைய மிஷனரிக் குடும்பங்களில் இது வழக்கம். வழக்கம் என்பதால் வலி குறைந்துவிடுமா? ஊர் பிள்ளைகளுக்காகச் சொந்தப் பிள்ளைகளைப் பிரிந்தது சரியா என்ற கேள்வியை இன்றைய எந்த அம்மாவும் கேட்பார். அதற்குச் சுலபமான பதில் இல்லை.

அப்பாவை மீண்டும் பார்க்க பாலுக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1929 ஜூன் மாதம், மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். அப்போது அவருக்கு வயது 44. தந்தி இங்கிலாந்துக்கு உடனே போய்விட்டது. ஆனால் அதற்கு முன்பு அவர் மகனுக்கு எழுதிப் போட்ட கடிதங்கள் கப்பலில் மெதுவாகத்தானே போகும்? அப்பா போய்விட்டார் என்று தெரிந்த பிறகும், வாரக்கணக்கில் அப்பாவின் கையெழுத்தில் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. மலை, மரம், பறவை என்று அவர் பார்த்ததையெல்லாம் எழுதிய கடிதங்கள்.

68 வயதில் மறுபடி மலையேற்றம்

50 வயதில் தனியாக நின்றார் எவலின். இங்கிலாந்து போய்வந்தவரை, மிஷன் சமவெளியில் வேலைக்குப் போட்டது. மலைக்கு அனுப்பவில்லை. 1947-ல் அவருக்கு வயது 68. 'வயதாகிவிட்டது, ஓய்வு எடுங்கள்' என்றார்கள்.

அவர் மிஷன் வேலையிலிருந்து விலகினார். விலகிய கையோடு கொல்லிமலைக்குத் தானாகவே ஏறினார்!

கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன், சித்தேரி உள்ளிட்ட ஐந்து மலைகளுக்கும் போக வேண்டும் என்பது ஜெஸ்ஸி கண்ட கனவு. கணவர் விட்டுப்போன அந்த வேலையை, பேரன் பேத்தி எடுத்த வயதில் எவலின் கையில் எடுத்தார். மலைக்குதிரை மேல் ஏறி ஊர் ஊராகப் போனார். விழுந்தார், எலும்பை முறித்துக்கொண்டார். நடக்க முடியாதபோது இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். டாக்டர் மகன் வந்து, 'அம்மா, இனி கீழே வந்துவிடுங்கள்' என்று கெஞ்சினார். அம்மா மறுத்துவிட்டார். உதவப் பயன்படாத உடம்பைப் பத்திரமாக வைத்து என்ன செய்வது என்பது அவர் கட்சி. 'கிரானி பிராண்ட்' என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. கிரானி என்றால் பாட்டி.

கடைசி இருபது ஆண்டுகள் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை. ஒரு காலத்தில் லண்டனில் அழகாக உடுத்தி வளர்ந்த பெண் அவர். வெயிலும் காய்ச்சலும் அந்த முகத்தை முழுக்கச் சுருக்கியிருந்தன. கிராமத்துத் திண்ணைச் சுவரில் அவர் உட்கார்ந்தால், சுற்றி உட்கார்ந்து கதை கேட்டவர்களுக்கு அந்தச் சுருக்கம் தெரியவே இல்லை என்று மகன் நினைவுகூர்ந்தார்.

மலையில் விதைத்தது, வேலூரில் விளைந்தது

பெற்றோர் வாழ்ந்ததைப் பார்த்த பிள்ளை என்ன ஆனார்? பால் பிராண்ட் முதலில் அப்பாவைப் போலவே கட்டட வேலை கற்றார். பிறகு டாக்டரானார். 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார்.

செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையைப் பிடித்துப் பார்த்தார். பிடி இரும்பாக இருந்தது. அப்படியானால் அந்தக் கையில் நல்ல தசைகளும் இருக்கின்றன! அவற்றின் தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தினால் மடங்கிய விரல்களை நிமிர்த்தலாம் என்று கண்டுகொண்டார். 1948-ல் வேலூரில் அந்த அறுவை சிகிச்சைகள் தொடங்கின. தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாக உதிர்வதில்லை, வலி தெரியாததால் சூட்டிலும் வெட்டிலும் அடிபட்டே அழிகின்றன என்று உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் அவர். வேலூரை அடுத்த கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி மையத்தில் அந்த வேலை வளர்ந்தது.

தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று ஊரே ஒதுக்கிய கைகளை அவர் வெறும் கையால் பிடித்துப் பார்த்தார். அந்தத் துணிச்சல் மருத்துவக் கல்லூரியில் வந்ததா, கஞ்சிப் பானையோடு மூடிய வீடுகளுக்குள் போன அப்பா அம்மாவிடமிருந்து வந்ததா?

மண்ணுக்குத் திரும்பியவர்

1974-ல், 95 வயதில் எவலின் இறந்தார். முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார், சவப்பெட்டி வேண்டாம் என்று. ஒரு சாதாரணப் பருத்தித் துணியில் சுற்றி, நேராக மண்ணில் வைக்கச் சொன்னார். உடம்பு மண்ணோடு கலந்து, அதில் புதிதாக ஏதாவது முளைக்கட்டும் என்பது அவர் விருப்பம். அப்படியே செய்தார்கள். தவளை பிடித்த பையன்களுக்கு அந்தத் தாத்தா அள்ளிக் காட்டிய அதே மலை மண்.

கொல்லிமலையில் இன்றும் பெரும்பாலான மக்கள் தங்கள் குலதெய்வங்களைத்தான் கும்பிடுகிறார்கள். ஆடிப் பதினெட்டுக்கு அறப்பளீஸ்வரர் கோயிலில் கூட்டம் அலைமோதுகிறது. வல்வில் ஓரி விழா நடக்கிறது. சில ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை தேவாலய மணியும் கேட்கிறது. தலையை எண்ணி யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் இந்தக் கதைக்கு அர்த்தமே இல்லை. குடிக்கிற தண்ணீரில் இருந்த புழு போய்விட்டது. அது யார் வீட்டுத் தண்ணீர் என்று பார்த்துப் போகவில்லை.

எப்படிப் போகலாம்?

நாமக்கல், சேலம், ராசிபுரத்திலிருந்து கொல்லிமலைக்கு பஸ் வசதி உண்டு. நாமக்கல்லிலிருந்து வருகிறவர்கள் சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி வழியாக ஏறலாம். சேந்தமங்கலத்தைக் கடக்கும்போது, 1913-ல் ஒரு மணப்பெண் இங்கிருந்துதான் கிளம்பினார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சொந்த வண்டியில் வருகிறவர்கள் வளைவுகளில் ஹாரன் அடித்து, ஏறும் வண்டிக்கு வழிவிடுவது முக்கியம். மழைக்காலத்தில் பனிமூட்டம் இருக்கும், இருட்டுவதற்குள் மேலே போய்விடுவது நல்லது.

சோளக்காடு சந்தையில் மிளகு, காபிக்கொட்டை, மலை வாழை, அன்னாசி, சாமை, தினை எல்லாம் கிடைக்கும். வாழவந்தி பக்கம் போகிறவர்கள் அது மக்கள் வசிக்கும் இடம், சுற்றுலாத்தலம் அல்ல என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லறை பார்க்கப் போனாலும் ஊரில் கேட்டுவிட்டுப் போவதுதான் மரியாதை. பிளாஸ்டிக் பாட்டிலை மலையில் விட்டுவராதீர்கள்.

மழை பெய்து ஓய்ந்த மாலையாக இருந்தால், இறங்கும் வழியில் ஏதாவது ஓர் ஓடைக்கருகே வண்டியை நிறுத்திப் பாருங்கள். தண்ணீர் தெளிவாக ஓடுகிறதா, கலங்கி ஓடுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். கூட வந்த பிள்ளைகள் ஏன் என்று கேட்டால், அந்தத் தாத்தாவின் கதையைச் சொல்லலாம். கஞ்சிப் பானையின் கதையையும் சேர்த்து.